கடைசிக் குழாய்

உங்கள் உடம்பில் ஓடும் ரத்தம் மொத்தம் ஐந்து லிட்டர் சொச்சம். அதில் அணுக்களை ஒதுக்கிவிட்டால் மிஞ்சும் பிளாஸ்மா மூன்று லிட்டர். இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். உங்கள் இரண்டு கிட்னிகளும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது 180 லிட்டர். குடத்தில் பிடித்தால் பன்னிரண்டு குடம். அதாவது அதே மூன்று லிட்டர் ஒரு நாளைக்கு அறுபது தடவை சல்லடைக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஆனால் நீங்கள் பாத்ரூமில் விடுவது ஒன்றரை லிட்டர்தான். பாக்கி எங்கே போச்சு?

திரும்ப ரத்தத்துக்கே போய்விட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு.

ஏன் இப்படி வடிகட்டுவானேன், திரும்ப எடுப்பானேன் என்று கேட்கலாம். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது என்ன செய்வோம்? பீரோ, பாத்திரம், பாய், தலையணை எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உள்ளே எடுத்துப்போவோம். எடுக்காதது போகியில் போகும். குப்பை எது என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. வேண்டியது எது என்று தெரிந்தால் போதும். கிட்னியின் முறையும் இதுதான். புதுசாக ஏதோ மாத்திரை சாப்பிட்டீர்கள், கிட்னிக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. உள்ளே எடுக்காமல் வாசலில் விட்டாலே பல மாத்திரைகள் வெளியே போய்விடும்.

நம் கிட்னிகள் இதை ஒரு நாளைக்கு அறுபது தடவை, அதாவது இருபத்து நாலு நிமிஷத்துக்கு ஒரு முறை, நாம் சீரியல் பார்க்கும்போதும் தூங்கும்போதும் செய்துகொண்டிருக்கின்றன.

ஒவ்வொரு கிட்னியிலும் பத்து லட்சம் சொச்சம் நுண்குழாய்கள். வடிகட்டிய திரவம் முதல் வளைவில் போகும்போதே மூன்றில் இரண்டு பங்கு உள்ளே எடுக்கப்பட்டுவிடும். சர்க்கரை, அமினோ அமிலம் எல்லாம் அங்கேயே திரும்பிவிடும். அடுத்து ஹேர்பின் மாதிரி ஒரு கொக்கி வளைவு. அங்கே இன்னும் கொஞ்சம். இதுவரை நடப்பது ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. யாரையும் பெரிதாகக் கேட்பதில்லை. இதெல்லாம் முடிந்து மிஞ்சுவது பதினைந்து, இருபது லிட்டர். தெருக் குழாய்கள் மெயின் குழாயில் சேருகிற மாதிரி, பல நுண்குழாய்கள் சேர்ந்து விழும் ஒரு கடைசிக் குழாய் இருக்கிறது. டாக்டர்கள் பாஷையில் கலெக்டிங் டக்ட். தமிழில் சேகரிப்புக் குழாய் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ தண்ணீர்த் தொட்டி மாதிரி, சும்மா சேகரிக்கிற வேலை என்று தோன்றும். ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குழாய்களைக் கிட்னிக்குள் முதலில் பார்த்துச் சொன்னது இத்தாலியில் லோரென்சோ பெல்லினி. வருஷம் 1662. அவருக்கு வயது பத்தொன்பது. நம் ஊரில் அந்த வயதில் கவுன்சலிங் முடிந்து ஹாஸ்டலில் மெஸ் சாப்பாட்டைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கும் இந்தக் குழாயின் முனைக்கு அவர் பெயர்தான்.

சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளம். தலைமுடியைவிடச் சன்னம். இதில்தான் அந்த இருபது லிட்டரில் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்று முடிவாகிறது. அரை லிட்டராகவும் சுருக்க முடியும், முழுசாகவும் விட முடியும். இதற்குப் பிறகு திரும்பி வர வழியில்லை. இதைத் தாண்டினால் வெறும் ப்ளம்பிங்தான்.

எப்படி முடிவு செய்கிறது? குழாயின் சுவர் சாதாரணமாகத் தண்ணீரை விடாது. ஆனால் குழாய் போகிற வழி கிட்னியின் உள்பகுதி. அங்கே உப்பும் யூரியாவும் சேர்ந்து ரத்தத்தைப்போல நாலு மடங்கு அடர்த்தி. மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கிறதல்லவா? யாரும் பிழியவில்லை, உப்பு இழுத்தது. அதே இழுப்பு இங்கேயும் காத்திருக்கிறது. சுவரில் கதவு திறந்தால் போதும்.

கதவைத் திறக்கச் சொல்லி ஆர்டர் வருவது மூளையிலிருந்து. ரத்தம் கொஞ்சம், நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கெட்டிப்பட்டாலே மூளைக்கு அடியில் ஒரு சின்ன இடம் கண்டுபிடித்து, பிட்யூட்டரி வழியாக வாசோப்ரெஸின் என்ற ஹார்மோனை அனுப்பும். ஏ.டி.எச். என்றும் சொல்வார்கள். அதே சமயம் உங்களுக்குத் தாகமும் எடுக்கும். ஹார்மோன் வந்து தட்டியதும், குழாய் செல்லுக்குள் சின்னச் சின்னப் பைகளில் மடித்து வைத்திருக்கும் கதவுகள் மேலே வந்து சுவரில் பொருந்திக்கொள்கின்றன. சில நிமிஷ வேலை. ஆர்டர் நின்றால் கதவுகள் மறுபடி உள்ளே போய்விடும்.

இந்தக் கதவு அகப்பட்டது ஒரு விபத்து. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஆக்ரே, ரத்தத்தில் ஆர்.ஹெச். என்கிறோமே, அந்தப் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கூடவே அழுக்கு மாதிரி வேறொரு புரதம் வந்துகொண்டே இருந்தது. என்ன வேலை செய்கிறது என்று தெரியாத புரதம். தண்ணீருக்கான வழியாக இருக்குமோ என்று ஒரு நண்பர் சந்தேகப்பட்டார். சோதிக்கத் தவளை முட்டையை எடுத்துக்கொண்டார்கள். தவளை முட்டை குளத்து நீரில் நாள் கணக்காகக் கிடந்தாலும் ஊதாது. அதில் இந்தப் புரதத்தை உண்டாக்க வைத்துத் தண்ணீரில் போட்டதும், உப்பி டப்பென்று வெடித்தது. 1992-ல் பேப்பர் வந்தது. 2003-ல் நோபல் பரிசு. கதவுக்கு அக்வாபோரின் என்று பெயர். ஒரு கதவு வழியே விநாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள், ஒன்றன் பின் ஒன்றாக, ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையில் போகின்றன. தண்ணீரைத் தவிர வேறு எதையும் அநேகமாக விடாது. நம் கடைசிக் குழாயில் ஆர்டருக்குக் காத்திருக்கும் கதவை 1993-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள்.

ஆர்டர் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சின்ன உதாரணம் டாஸ்மாக் வாசலில் கிடைக்கும். ஆல்கஹால் அந்த ஹார்மோனை அடக்கிவிடும். கதவு மூடியே இருக்கும். உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே போகும். மறுநாள் நாக்கு வறண்டு தலை வலிப்பதற்கு ஒரு காரணம் இது. பெரிய உதாரணம் ஒரு வியாதி. மூளை ஹார்மோனை அனுப்பாவிட்டாலும், அனுப்பியதைக் குழாய் கேட்காவிட்டாலும் ஒரு நாளைக்குப் பத்து, இருபது லிட்டர்கூடப் போகும். இரவெல்லாம் தண்ணீர், இரவெல்லாம் பாத்ரூம். அந்தக் காலத்து ஐரோப்பிய டாக்டர்கள் சிறுநீரை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். இனித்தால் டயாபடிஸ் மெல்லிடஸ், சப்பென்று இருந்தால் டயாபடிஸ் இன்சிபிடஸ். (டாக்டர் ஃபீஸ் அதிகம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கவும்.) இந்த இரண்டாவதற்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை. பெயரைக் கேட்டுக் குழம்பி ஆஸ்பத்திரிகளிலேயே தப்பு நடந்ததால், 2022-ல் நிபுணர்கள் பெயரை மாற்றினார்கள்.

இதுவரை சொன்னது தண்ணீர். இந்தக் குழாய் எடுக்க மட்டும் செய்வதில்லை, கொடுக்கவும் செய்கிறது. ரத்தத்திலிருந்து வேண்டாததைக் கடைசி நேரத்தில் பிடித்து உள்ளே தள்ளுகிறது. ஒரு வகை செல்கள் அமிலத்தைத் தள்ளுகின்றன. இன்னொரு வகை பண்டமாற்று வியாபாரி. சோடியத்தை வாங்கிக்கொண்டு பொட்டாசியத்தைக் கொடுக்கும். இதற்கு ஆர்டர், கிட்னியின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து. ஹார்மோன் பெயர் ஆல்டோஸ்டீரோன். ஆதி மனிதனுக்குக் காய், கனி, கிழங்கில் பொட்டாசியம் ஏராளம், உப்பு அபூர்வம். அதனால் இந்தக் குழாய் உப்பைக் கண்டால் விடாது. ஊறுகாயும் அப்பளமும் சிப்ஸும் வரப்போவதை அதற்கு யாரும் சொல்லவில்லை.

பொட்டாசியத்தில் விளையாட முடியாது. ரத்தத்தில் லிட்டருக்கு மூன்றரையிலிருந்து ஐந்து என்ற அளவுக்குள் இருக்க வேண்டும். ஆறரை, ஏழு என்று ஏறினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடலாம். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமலும் நடக்கலாம்.

1999-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இதயம் பலவீனமானவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் என்ற பழைய, மலிவான மாத்திரையைக் கொடுத்தால் மரணம் 30 சதவிகிதம் குறைகிறது என்று. அது ஆல்டோஸ்டீரோனை வேலை செய்யவிடாமல் தடுக்கும் மாத்திரை. நல்ல செய்திதான். டாக்டர்கள் எழுதித்தள்ளினார்கள். கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தில் இதயம் பலவீனமான முதியவர்களைக் கணக்கெடுத்து 2004-ல் வெளியிட்டார்கள். பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர். 2001-ல் 11 பேர். மாத்திரை நல்லதுதான். ஆய்வில் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். வெளியே அவ்வளவு கவனிப்பு இல்லை. கூடவே பி.பி.க்கும் இதயத்துக்கும் தரும் வேறு மாத்திரைகளும் அதே பொட்டாசியத்தை ஏற்றும்.

இங்கே நம் வீட்டு விஷயம் வருகிறது. இளநீர். உடம்புக்குக் குளிர்ச்சி, கெடுதலே கிடையாது என்று நாம் யாரைப் பார்க்கப் போனாலும் இரண்டு வாங்கிப்போகிறோம். 100 மில்லியில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம். நல்ல கிட்னிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கிட்னி பழுதானவருக்கும், இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கும் அது அன்பளிப்பு அல்ல. ஆரஞ்சு ஜூஸ், வாழைப்பழமும் அப்படியே. 'உப்பு குறைவானது' என்று விற்கும் சில உப்புகளில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். பாக்கெட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

இன்னொரு அபாயம் சோடியம். "சோடியம் குறைஞ்சுடுச்சாம், ஐ.சி.யூ.ல வெச்சிருக்காங்க" - எழுபது வயசுக்கு மேற்பட்டவர் இருக்கும் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது இது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. கணக்கில் புலி, பால் பாக்கெட் பாக்கி நாலு ரூபாயைக்கூட ஞாபகம் வைத்திருப்பவர். ஒரு வாரமாகச் சோர்வு, வாந்தி, நடையில் தள்ளாட்டம். பிறகு ஒரு நாள் என்றைக்கோ செத்துப்போன அக்காவைக் கூப்பிட்டு, "வாசல்ல நிக்கறா பாரு, உள்ள வரச் சொல்லு" என்றார். மருமகள் பயந்துபோனார். "வயசாயிடுச்சு, மறதி வியாதி ஆரம்பிச்சுட்டுது" என்றார் ஒருவர். மந்திரிக்கவும் யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தால் சோடியம் 114. இருக்க வேண்டியது 135-லிருந்து 145.

என்ன தப்பு செய்தார்கள் என்று விசாரித்தால் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. பி.பி.க்கு ஒரு மாத்திரை, அதில் நீர் பிரியவைக்கும் தயாசைடு வகை மருந்து. நல்ல மருந்து. பி.பி. என்பதால் சாப்பாட்டில் உப்பைக் குறைத்தார். நல்லது. வயதானால் லேசான சாப்பாடு என்று ராத்திரி இரண்டு இட்லி, இல்லாவிட்டால் கஞ்சி. தப்பில்லை. டி.வி.யில் ஒருவர் சொன்னார் என்று தினம் நாலு லிட்டர் தண்ணீர். அதுவும் நல்லதுக்குத்தான் செய்தார். நாலு நல்ல யோசனைகள் அந்த இரண்டு சென்டிமீட்டர் குழாயில் ஒன்றாகச் சந்தித்துக்கொண்டன.

சோடியம் குறைந்தது என்றால் உப்பு குறைந்தது என்று நினைக்கிறோம். பல சமயம் தண்ணீர் கூடிப்போனது என்று அர்த்தம். சாம்பாரில் தண்ணீர் அதிகமானால் உப்புச் சப்பில்லாமல் போகுமே, அப்படி. கூடின தண்ணீரைக் கிட்னி வெளியே தள்ள வேண்டியதுதானே? வெறும் தண்ணீரை மட்டும் அனுப்ப அதற்குத் தெரியாது. ஒவ்வொரு லிட்டருக்கும் கொஞ்சமாவது உப்பும் யூரியாவும் துணைக்குப் போக வேண்டும். நன்றாகச் சாப்பிடுகிற இளைஞரால் ஒரு நாளைக்குப் பத்து லிட்டர்கூடத் தள்ள முடியும். உப்பும் பருப்பும் இல்லாமல் கஞ்சி சாப்பிடும் முதியவருக்குத் துணைக்கு அனுப்ப ஆளில்லை. தயாசைடு மருந்தோ, குழாயில் போவதை நீர்க்கச் செய்யும் திறனையே குறைக்கும். போதாக்குறைக்கு, நிமோனியா, கடும் வலி, வாந்தி, ஆபரேஷன், சில மனநல மாத்திரைகள் இவையெல்லாம் தேவையே இல்லாதபோதும் மூளையிலிருந்து "கதவைத் திற" என்று ஆர்டர் போடவைக்கும். குழாய் கேள்வி கேட்காது, திறந்துவிடும். குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கும். மூளை செல்கள் ஊதும். மண்டையோட்டுக்குள் ஊதுவதற்கு ஏது இடம்? குழப்பம், பிதற்றல், வலிப்பு, அப்புறம் நினைவிழப்பு.

வைத்தியத்திலும் அவசரம் கூடாது. நாள் கணக்கில் இறங்கின சோடியத்தை ஒரே நாளில் ஏற்றினால் மூளையில் நிரந்தரச் சேதம் வரலாம். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். "எத்தனை தடவைதான் ஊசி குத்துவாங்க" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அந்த அம்மா ஐந்தாம் நாள் கண் தெளிந்து, பார்க்க வந்தவரிடம், "காபி சாப்ட்டியா?" என்று கேட்டார். மறதி வியாதி எதுவும் இல்லை.

வயதானவர்களுக்கு மட்டும்தானா என்றால் இல்லை. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 28 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். தண்ணீர் போதாமல் அல்ல, அதிகமாகி. அதே ஓட்டத்தில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். எட்டில் ஒருவருக்குச் சோடியம் குறைவு. ஓடும்போது எடை ஏறியிருந்தவர்களுக்குத்தான் அதிகம் அப்படி. நாலு மணி நேரம் ஓடி எடை ஏறியிருந்தால் எவ்வளவு குடித்திருக்க வேண்டும் பாருங்கள். ஓடும் வேதனையில் மூளை கதவைத் திறந்தே வைத்திருக்கும்.

தினம் எட்டு டம்ளர் என்று யார் சொன்னது? ஹைன்ஸ் வால்டின் என்ற அமெரிக்க கிட்னி விஞ்ஞானி, வாழ்நாள் முழுக்க இந்த ஹார்மோனையும் குழாயையும் ஆராய்ந்தவர், 2002-ல் இதற்கு ஆதாரம் தேடிப் புறப்பட்டார். ஆரோக்கியமான சாதாரண மனிதர் எட்டு டம்ளர் குடித்தே ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார். 1945-ல் அமெரிக்க உணவுக் குழு ஒன்று நாளைக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்னதுண்டு. கூடவே, இதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் சொல்லியிருந்தது. முதல் வரி மட்டும் உலகம் சுற்றிவந்ததோ என்னவோ.

அதற்காகத் தண்ணீரே குடிக்காதீர்கள் என்று நான் சொன்னதாகக் கிளப்பிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களும் வயலில் நிற்கிறவர்களும் நிறையக் குடிக்கத்தான் வேண்டும். கல் வந்தவர்களும் அப்படியே. பாத்ரூம் வசதி இல்லையே என்று பகலெல்லாம் தண்ணீரைத் தொடாமல் இருக்கும் பெண்களைக் கடைசிக் குழாய் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்துக் காப்பாற்றுகிறது. ஆனால் கல், இன்ஃபெக்ஷன் என்று அதற்கு விலை உண்டு. வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. அவர்களுக்கு ஞாபகப்படுத்தித் தர வேண்டும். இதயமும் கிட்னியும் பலவீனமானவர்களுக்கு டாக்டர் அளந்து தருவார். ஆளாளுக்கு அளவு வேறு. எல்லோருக்கும் ஒரே டம்ளர் கணக்கு கிடையாது. மற்றபடி தாகம் எடுத்தால் குடியுங்கள். கோடிக்கணக்கான வருஷமாகச் சோதித்துப் பார்த்த மீட்டர் அது.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், "இதில் எது சோடியத்தை இறக்கும், எது பொட்டாசியத்தை ஏற்றும், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்க்கணும்?" என்று கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இரண்டு, நேற்றுவரை நன்றாகப் பேசியவர் இன்றைக்குத் திடீரென்று பிதற்றினால் வயசு என்று விட்டுவிடாதீர்கள், மந்திரிக்கவும் போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் மற்ற பரிசோதனைகளோடு சோடியமும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு சில நூறு ரூபாய். அன்றைக்கே தெரிந்துவிடும்.